ஈவ்லின் திரும்பி வரவில்லை

விசா நேர்காணலில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண், போலந்துக்கு ஊழியம் செய்யப் போகும் சபைக் குழுவில் மற்றவர்களைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. சுவிசேஷமுத்து ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், பேரன் பேத்தி எடுத்தவர். ஜெஃப்ரிக்கு நாவலூரில் ஐ.டி. கம்பெனி வேலை, சொந்த ஃபிளாட், வீட்டில் மனைவியும் கைக்குழந்தையும். குழுத்தலைவி கிருபா, குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சந்தேகம் வந்தது ஈவ்லின் மேல்தான். நர்ஸ், கல்யாணம் ஆகாதவள், பெயரில் ஒரு வீடோ மனையோ கிடையாது.

"இவங்க திரும்பி வருவாங்கன்னு எதை வச்சு சொல்றீங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"அவ என் தங்கச்சி மாதிரி மேடம். எனக்காக நான் எப்படி உறுதி சொல்வேனோ அதே மாதிரி அவளுக்காகவும் சொல்றேன்" என்றாள் கிருபா. கேட்ட இடத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள்.

பேச்சுக்குச் சொன்னதில்லை அது. கொரோனாவின் இரண்டாவது அலையில் கிருபாவின் கணவரைப் பல்லாவரத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். யாரையும் உள்ளே விடவில்லை. அங்கே நர்ஸாக இருந்த ஈவ்லினைச் சபையில் பாடகர் குழுவின் பின்வரிசையில் நிற்கும் பெண் என்ற அளவில்தான் கிருபாவுக்குத் தெரியும். அவள்தான் தன் ஃபோனை அவர் காதருகே பிடித்துக்கொண்டு, வெளியே மரத்தடியில் நின்றிருந்த கிருபாவைப் பேசச் சொன்னாள். உயிர் போன பிறகு உடம்பைத் துடைத்து, தலை வாரி, கண்ணை மூடி வைத்ததும் அவள்தான். 'அண்ணன் முகம் அமைதியா இருந்துச்சுக்கா' என்று அவள் சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் கிருபா அந்த வருஷத்தைத் தாண்டினாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்ததும் ஈவ்லின் சேலையூரில் கிருபாவின் வீட்டுக்கு வந்துவிடுவாள். மகன் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போய்விட்டதால் வீட்டில் கிருபா மட்டும்தான். இரண்டு பேரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டு, ஃபேனுக்குக் கீழே பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு வெயில் இறங்கும்வரை பேசுவார்கள். அஸ்தினாபுரத்தில் அண்ணன் ரத்தினத்தின் வீட்டில் ஈவ்லினுக்கு உட்கார்ந்து சாப்பிடக்கூட ஒழியாது. ஷிஃப்ட் முடிந்து வந்தால் அண்ணன் பிள்ளைகளுக்குச் சமையல், துணி, பாத்திரம். வந்த வரன்களையெல்லாம் ரத்தினம் ஏதோ ஒரு சாக்குச் சொல்லித் தட்டிவிட்டார் என்பது சபையில் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் தெரியாத மாதிரி இருந்தார்கள்.

ஊழியப் பயணம் என்ற பேச்சை முதலில் எடுத்தது ஈவ்லின்தான். புதன்கிழமை ஜெபக் குழுவில் ஒரு நாள், "எனக்கு ஒரு பாரம் இருக்கு, எல்லாரும் சேர்ந்து ஜெபிக்கணும்" என்று எழுந்து நின்றாள். போலந்தில், உக்ரைன் எல்லைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். போரில் வீடு இழந்து வந்த கிழவிகளை அங்கே ஒரு சிறிய சபை வைத்துப் பார்த்துக்கொள்கிறது. கூடமாட வேலை செய்ய ஆள் இல்லை. ஃபோனில் அந்த வீடியோவைக் காட்டிவிட்டுப் பேச முடியாமல் அழுதாள். அந்த அழுகை கிருபாவை உலுக்கிவிட்டது. கணவர் போன பிறகு தன் வாழ்க்கை எதற்கு என்று தேடிக்கொண்டிருந்தவளுக்கு, இதற்குத்தான் என்று யாரோ கையைப் பிடித்துக் காட்டியது போல இருந்தது.

பிறகு ஓடியாடியதெல்லாம் கிருபாதான். இல்லத்தை நடத்திய மார்த்தா என்ற பெண்மணியிடமிருந்து அழைப்பு வாங்கினாள். பள்ளிக்கூடத்தில் லீவுக்குப் போராடினாள். கிழக்குத் தாம்பரத்தில் இருந்த அவர்கள் சபையின் பாஸ்டர் ஜெர்சன் ஞாயிறு ஆராதனையில் மேடையில் நின்று, 'நம் சபையிலிருந்து முதல் முறையாக' என்று பெருமையோடு அறிவித்தார். திரும்பி வருவதற்கான உறுதிக் கடிதத்தில் மட்டும் அவர் கையெழுத்துப் போடவில்லை.

"சபை பேர்ல வேணாம் சிஸ்டர். டீம் லீடர்ன்ற முறையில நீங்களே போட்டுடுங்க. அதுதான் சரியா இருக்கும்" என்றார்.

கிருபாவுக்கு அதில் தப்பாக எதுவும் படவில்லை.

குளிருக்கு உடுப்பு வாங்கப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனார்கள். கப்பலில் வந்த பழைய கோட்டுகளைக் குவித்துப் போட்டிருந்த கடையில், முழங்கால்வரை தொங்கும் கனத்த சாம்பல் நிறக் கோட்டு ஒன்று கிருபாவுக்குக் கிடைத்தது. ஈவ்லின் மெல்லிய நீலக் கோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டாள். "எனக்கு இது போதும்க்கா, நான் என்ன அங்கேயேவா இருக்கப் போறேன்" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பின்னால் கிருபா எத்தனையோ முறை நினைத்துப் பார்த்தாள்.

*

அந்த ஊரில் பனி கொட்டிக் கிடந்தது. பழைய பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றை இல்லமாக மாற்றியிருந்தார்கள். மார்த்தா உயரமான, அதிகம் பேசாத பெண். தெரிந்த கொஞ்சம் ஆங்கிலத்தில் யார் யாருக்கு என்ன வேலை என்று பிரித்துக் கொடுத்தாள். ஜெஃப்ரிக்கு விறகும் தண்ணீரும். சுவிசேஷமுத்துவுக்குச் சமையலறை. கிருபாவுக்குக் கிழவிகளோடு வந்திருந்த பேரப்பிள்ளைகளுக்குப் பாடம். படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களை ஈவ்லின் பார்த்துக்கொண்டாள்.

அவள் வேலை செய்வதைப் பார்க்க மார்த்தாவே வாசலில் வந்து நிற்பாள். மொழி தெரியாமலே ஈவ்லின் கிழவிகளைச் சிரிக்க வைத்தாள். ஒக்ஸானா என்று ஒரு கிழவி, குண்டு விழுந்த வீட்டின் இடிபாட்டிலிருந்து எடுக்கப்பட்டவள், யாரையும் உடம்பில் கை வைக்க விடாதவள், ஈவ்லினிடம் மட்டும் குழந்தை மாதிரிக் கையைத் தூக்கிக் காட்டினாள். "ஏவா, ஏவா" என்று நாள் முழுக்கக் கூப்பிடுவாள். தினமும் காலையில் ஈவ்லினும் கிருபாவும் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒன்றாக ஜெபித்தார்கள். கிருபாவின் கையை ஈவ்லின்தான் முதலில் பிடிப்பாள்.

அது நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. மருந்தும் முட்டையும் வாங்க இருவரும் பஸ்ஸில் பக்கத்து ஊருக்குக் கிளம்பினார்கள். ஈவ்லினுக்கு இருமல். "அக்கா, உங்க கோட்டைக் குடுங்களேன். இன்னிக்கு ரொம்பக் குளுருது" என்றாள். கிருபா கழற்றிக் கொடுத்துவிட்டு நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டாள். ஊருக்குள் இறங்கியதும், "நீங்க முட்டை வாங்குங்க, நான் மருந்துக் கடைக்குப் போய்ட்டு வந்துடறேன். இதே ஸ்டாப்ல நிக்கலாம்" என்றாள் ஈவ்லின்.

கிருபா முட்டை அட்டையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். ஒரு பஸ் போனது, அடுத்த பஸ்ஸும் போனது. விரல்கள் மரத்துப்போயின. மருந்துக் கடைக்கு ஓடினாள். அப்படி யாரும் வரவில்லை என்றார்கள். ஃபோன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. தெருவில் விழுந்துவிட்டாளோ, யாராவது கடத்திக்கொண்டு போய்விட்டார்களோ என்று அழுதுகொண்டே மார்த்தாவைக் கூப்பிட்டாள். மார்த்தா வந்து போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனாள். சட்டையைப் பிடித்து உலுக்காத குறையாக கிருபா அந்த அதிகாரியிடம் கெஞ்சினாள். "அவளுக்கு உங்க பாஷை தெரியாது சார். பயந்த சுபாவம். சீக்கிரம் தேடுங்க."

அவர் பொறுமையாக எழுதிக்கொண்டார். பிறகு பாஸ்போர்ட்டைக் கேட்டார்.

எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் கிருபாதான் ஒரு பையில் போட்டுத் தன் பெட்டியில் பூட்டி வைத்திருந்தாள். சாவி தலையணைக்குக் கீழே. அது அந்த அறையில் இன்னொரு ஆளுக்கு மட்டும்தான் தெரியும். இல்லத்துக்குத் திரும்பிப் பையைத் திறந்தாள். மூன்று பாஸ்போர்ட்டுகள் இருந்தன.

கிருபா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். வாசலில் நின்ற மார்த்தாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு போனாள். ஃபோனில் செய்தி வந்தது. 'தேடாதீங்கக்கா. நான் நல்லா இருக்கேன். மன்னிச்சிடுங்க.' அதற்குப் பதில் எழுதுவதற்குள் ஈவ்லின் அவளை பிளாக் செய்துவிட்டிருந்தாள்.

உடம்பு முழுக்க நெருப்புப் பற்றியது போல இருந்தது அவளுக்கு. குளிருக்குக் கோட்டு கேட்டது, இருமியது, முட்டை வாங்கச் சொன்னது, அன்று காலையில் கையைப் பிடித்து ஜெபித்தது, ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து அடித்தது. அதோடு நிற்கவில்லை. புதன்கிழமை ஜெபக் குழுவில் எழுந்து நின்று அழுதாளே, அப்போதே இதுதானா? அப்படியானால் தனக்கு வந்ததாக நினைத்த அழைப்பு என்ன? ஒன்றரை வருஷமாக ஆண்டவர் காட்டிய வழி என்று நம்பி நடந்தது, ஈவ்லின் போட்டுக் கொடுத்த பாதையா? பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் போலீஸ் வந்து மற்ற மூன்று பாஸ்போர்ட்டுகளையும் விசாரணைக்கு வாங்கிக்கொண்டது. சமையலறை மேஜையைச் சுற்றி மூவரும் உட்கார்ந்தார்கள்.

"உனக்குத் தெரியாமயா டீச்சர்?" என்றார் சுவிசேஷமுத்து. "ஒரே ரூம்ல படுக்கறீங்க, ஒரே தட்டுல சாப்பிடறீங்க. தெரியாதுன்னா ஊர்ல எவன் நம்புவான்?"

"தெரியாது அங்கிள்."

"நாப்பது வருஷம் சபையில இருக்கேன். என் பேரைக் கெடுத்துட்டீங்க ரெண்டு பேரும்."

ஜெஃப்ரி கண்ணை நிமிர்த்தவில்லை. "பாஸ்போர்ட் கெடைச்ச உடனே கெளம்பிடலாங்க்கா. கம்பெனில தெரிஞ்சா என் வேலைக்கே பிரச்சினை" என்றான்.

மார்த்தா உள்ளே வந்தாள். மேலிடத்தில் பேசியிருக்கிறாள். இனி இந்தியாவிலிருந்து யாரையும் அழைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். அவள் முகத்தில் கோபத்தைவிட அலுப்புதான் தெரிந்தது. "நீங்கள் அறையிலேயே இருங்கள். சாப்பாடு தருகிறோம். விசாரணை முடிந்ததும் போகலாம்" என்றாள்.

அப்போது நடையின் கோடியிலிருந்து ஒக்ஸானாவின் குரல் கேட்டது. "ஏவா, ஏவா." நேற்றிலிருந்து அவளுக்குத் துணி மாற்றவில்லை. யாரையும் கிட்டே விடவில்லை.

"நான் பாக்கறேன்" என்றாள் கிருபா.

"உங்களுக்கு அந்த வேலை தெரியாது" என்றாள் மார்த்தா.

"தெரியாது. நீங்க சொல்லிக் குடுங்க. சும்மா உக்காந்து உங்க சோத்தைத் தின்ன என்னால முடியாது."

கருணையினால் அவள் போகவில்லை. அந்தப் பெயர் அந்த வீட்டில் ஒலிப்பதை அவளால் தாங்க முடியவில்லை. வெந்நீரும் துணியுமாகப் போய் நின்றதும் ஒக்ஸானா கையைத் தட்டிவிட்டாள். தண்ணீர் கொட்டியது. மறுபடி கொண்டுபோனாள். கிழவி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏதோ திட்டினாள். "திட்டு பாட்டி, நல்லா திட்டு. எனக்கும் அவளத்தான் திட்டணும்" என்று தமிழிலேயே பதில் சொல்லிக்கொண்டு கிருபா காலைத் துடைத்தாள். புண்ணில் துணி உரசியபோது கிழவி அலறினாள். புரட்டிப் படுக்க வைக்கத் தெரியவில்லை. முதுகு பிடித்துக்கொண்டது. மார்த்தா வந்து எப்படித் தாங்க வேண்டும் என்று செய்து காட்டிவிட்டுப் போனாள்.

இப்படியே ஒரு வாரம். காலையில் எழுந்தால் நெஞ்சில் கல் மாதிரி அந்த நினைப்பு உட்கார்ந்திருக்கும். அதோடுதான் நான்கைந்து கிழவிகளைக் குளிப்பாட்டுவாள், துணி மாற்றுவாள், கஞ்சி ஊட்டுவாள். அவள் தனியாகக் கிடந்து அல்லாடுவதைப் பார்த்து ஜெஃப்ரி முதலில் வந்தான். கனமானவர்களைத் தூக்கிப் பிடித்தான். பிறகு சுவிசேஷமுத்து, யாரிடமும் பேசாமல், சமையலறையில் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தார். மார்த்தா தடுக்கவில்லை.

ஒரு நாள் கஞ்சி ஊட்டி முடித்ததும் ஒக்ஸானா கிருபாவின் முந்தானையைப் பிடித்து இழுத்து, "ஏவா?" என்று கேட்டாள். கூப்பிடுகிற குரல் அல்ல அது. எங்கே என்று கேட்டாள். கிருபா ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினாள். கிழவி அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு கிருபாவைப் பார்த்தாள். கிழவியின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. தன்னைப் போலவே ஏமாந்த இன்னொருத்தி என்று நினைத்தாள் கிருபா. கிழவியின் தலையைக் கோதி விட்டாள். அன்று ஒக்ஸானா கையைத் தட்டிவிடவில்லை.

பாஸ்போர்ட்டுகள் திரும்ப வந்து அவர்கள் கிளம்பிய அன்று மார்த்தா வாசல்வரை வந்தாள். "உங்களை மறுபடி அழைக்க என்னால் முடியாமல் போகலாம். ஆனால் நீங்கள் ஓடிப்போகவில்லை. அதை நான் எல்லோரிடமும் சொல்வேன்" என்றாள்.

*

தாம்பரத்தில் யாரும் அப்படிச் சொல்லவில்லை.

விமான நிலையத்திலேயே ரத்தினம் காத்திருந்தார். வந்தவர்கள் முன்னால், தள்ளுவண்டியை மறித்துக்கொண்டு கையை ஓங்கினார். "எந் தங்கச்சி எங்க? கூட்டினு போனவ நீ. நீதானே கையெழுத்துப் போட்ட?"

"எனக்கும் தெரியாதுண்ணா."

"அவளுக்கு பஸ் ஏறி தாம்பரத்தைத் தாண்டிப் போகத் தெரியாது. நீ சொல்லிக் குடுக்காம ஒண்ணும் நடந்திருக்காது."

சுவிசேஷமுத்து பக்கத்தில்தான் நின்றார். வாயைத் திறக்கவில்லை. கால் டாக்சி வந்ததும் ஏறிப் போய்விட்டார்.

சபையில் பேச்சு வேறு மாதிரி பரவியது. கிருபா வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் மாதிரி வேலை செய்திருக்கிறாள் என்றார்கள். பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூமில் ஹேமாவதி டீச்சர், "என் அக்கா பையனுக்கும் ஒரு வழி பண்ணுங்களேன் மிஸ்" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். கென்யாவுக்குப் போக இருந்த சபை வாலிபர்களுக்கு விசா கிடைக்கவில்லை. அதற்கும் அவள்தான் காரணம் என்றானது. கமிட்டி கூடி, 'பிரச்சினை ஓயும்வரை' என்று அவளை ஞாயிறு பள்ளியிலிருந்து நிறுத்தியது. அந்தக் கூட்டத்தில் பாஸ்டர் ஜெர்சன் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவள் பேசும்போது மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "சிஸ்டர் கிருபாவுக்காக எல்லாரும் ஜெபிப்போம்" என்று முடித்தார்.

அவர் மட்டும் தன்னை நம்புகிறார், கமிட்டியை மீற முடியாமல் தவிக்கிறார் என்று கிருபா நினைத்துக்கொண்டாள். அந்த ஒரு நினைப்புதான் அவளை அந்தச் சபைக்கே தொடர்ந்து போக வைத்தது. கடைசி பெஞ்சில் உட்காருவாள். பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு வந்து ஒற்றை ஆளுக்குச் சோறு வடிப்பாள்.

வெயில் காலம் தொடங்கியிருந்தது. ஒரு ஞாயிறு மத்தியானம் தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து ஃபோன் வந்தது.

"அக்கா."

கிருபா தட்டைத் தள்ளி வைத்தாள். எவ்வளவோ பேச வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். அதற்குள் ஈவ்லின் முந்திக்கொண்டாள்.

"அக்கா, கட் பண்ணிடாதீங்க. போர்ச்சுகல்ல இருக்கேன். வயசானவங்க ஹோம்ல கிளீனிங் வேலை. ஸ்டாஃபா எடுத்துக்கறேன்றாங்க. ஆனா நர்சிங் சர்டிபிகேட் ஒரிஜினல் வேணும். எல்லாம் அண்ணன் வீட்ல என் பீரோல இருக்கு. எனக்கு வேற யாரையும் கேக்கத் தெரியலக்கா."

மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறாள் என்று கிருபா ஒரு நொடி நினைத்திருந்தாள். கூப்பிட்டது சர்டிபிகேட்டுக்காக. அவள் குரல் நிதானமாகத்தான் வந்தது.

"அன்னிக்கு ஜெபக் குழுவுல எழுந்து அழுதியே ஈவு. அது பொய்யா?"

"இல்லக்கா. அந்தப் பாட்டிங்களுக்காகவும் அழுதேன். எனக்காகவும் அழுதேன். எது எதுன்னு எனக்கே பிரிக்கத் தெரியல. இன்னும் ரெண்டு வருஷம் அந்த வீட்ல இருந்திருந்தா செத்திருப்பேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா அந்தக் கண்ணாடி முன்னாடி நீங்க எனக்காக உறுதி சொல்லியிருக்க மாட்டீங்க. உங்களுக்குப் பொய் வராது."

"அதனால என்னைத் தெரியாமலே பொய் சொல்ல வச்சே."

"தப்புதாங்க்கா. பாஸ்டரும் அதையேதான் சொன்னார், டீச்சர் பாவம்னு."

கிருபாவுக்கு முதலில் காதில் விழுந்தது புரியவில்லை. "எந்த பாஸ்டர்?"

"நம்ம பாஸ்டர்தான். விசாவுக்குப் போடறதுக்கு முன்னாடியே அவர்கிட்ட சொல்லிட்டேன்க்கா. மனசுல வச்சிக்க முடியல. ஜெபம் பண்ணு, ஆண்டவர் உன் மனசை மாத்துவார்னு சொன்னார். உங்ககிட்ட சொல்லியிருப்பார்னு கொஞ்சம் நினைச்சேன். அப்புறம் சொல்லியிருக்க மாட்டார்னும் தெரியும்."

ஃபோனை வைத்த பிறகு கிருபா எழுந்திருக்கவே இல்லை. ஈவ்லின் செய்தது பெரிய காயம், ஆனால் அதற்கு ஒரு முகம் இருந்தது. அண்ணன் வீட்டுச் சமையலறையில் தேய்ந்துபோன முகம். பாஸ்டர் செய்ததற்கு என்ன முகம் இருக்கிறது? சபை பேரில் வேண்டாம், நீங்களே போட்டுடுங்க என்று எவ்வளவு இதமாகச் சொன்னார். கூட்டத்தில் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்ததை இரக்கம் என்றல்லவா அவள் எடுத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே பாஸ்டர் வீட்டுக்குப் போனாள். அவர் மாடியில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஈவ்லின் ஃபோன் பண்ணா பாஸ்டர். உங்ககிட்ட முன்னாடியே சொன்னதா சொல்றா."

தண்ணீர்க் குழாயை அவர் கீழே வைத்தார். மறுக்கவில்லை. "அவ மனசு மாறிடும்னு நெனச்சேன் சிஸ்டர். அது ஒரு ஆத்துமா என்னை நம்பிச் சொன்ன விஷயம். வெளிய சொல்றது முறையில்ல."

"அது சரி. அப்ப கையெழுத்தை மட்டும் ஏன் என்னைப் போடச் சொன்னீங்க?"

அவர் குனிந்து குழாயை மூடினார்.

"அவ ரகசியத்தை நீங்க காப்பாத்தினீங்கன்னா உங்க பேரையும் அந்த லெட்டர்ல போட்டிருக்கணும். மாட்டிக்கிட்டா நான் மாட்டிக்கட்டும்னுதானே?"

"சபைக்கு ஒரு கெட்ட பேர் வந்துடக் கூடாதுன்னு..."

"நானும் சபைதானே பாஸ்டர்."

கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். பாஸ்டரின் முகம் சிறுத்துப் போயிருந்தது. "நான் இப்ப என்ன பண்ணணும்?" என்றார்.

வரும்போது வழியெல்லாம் கிருபா நினைத்தது வேறு. சபை நடுவில் எழுந்து நின்று எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட வேண்டும் என்றுதான் வந்தாள். ஆனால் அவர் கேட்டதும் வேறொன்று தோன்றியது.

"ஈவ்லினுக்கு சர்டிபிகேட் வேணுமாம். ரத்தினம் அண்ணன் வீட்ல இருக்கு. நீங்க போய்க் கேட்டு வாங்கணும். எதுக்கு நீங்க வந்திருக்கீங்கன்னு அவர் கேப்பார். உங்களுக்கு முன்னாடியே தெரியும், எனக்குத் தெரியாதுன்னு அவர்கிட்ட சொல்லணும்."

"அவன் கையை ஓங்குவான் சிஸ்டர்."

"ஏர்போர்ட்ல என் முன்னாடி ஓங்கினப்போ யாரும் வரலை பாஸ்டர்."

அந்த வாரமே இருவரும் அஸ்தினாபுரத்துக்குப் போனார்கள். கிருபா வாசல் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டாள். உள்ளே கொஞ்ச நேரம் தாழ்ந்த குரலில் பேச்சு. பிறகு ரத்தினம் கத்த ஆரம்பித்தார். "சாமியார் வேஷம் போட்டுக்கினு எங்க வூட்டுப் பொண்ண ஓட விட்டுட்டு, இப்ப சர்டிபிகேட் கேக்க வந்தியா நீ?" எதிர்வீட்டில் ஒரு பெண் வாசலுக்கு வந்து பார்த்தாள். பாஸ்டர் திருப்பிப் பேசியதாகத் தெரியவில்லை. வெகுநேரம் கழித்து, ரத்தினத்தின் மனைவி ஒரு பிளாஸ்டிக் உறையோடு வெளியே வந்தாள். அதைக் கிருபாவின் கையில் கொடுத்தாள். அவளுடைய கண்கள் சிவந்திருந்தன.

"அவ நல்லா இருக்காளா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இருக்கா."

"என்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லலியேன்னு எனக்கும் இருக்கு டீச்சர். ஆனா சொல்லியிருந்தா நான் போக விட்டிருக்க மாட்டேன்னு அவளுக்குத் தெரியும்."

பாஸ்டர் சட்டைக் காலர் கசங்கி வெளியே வந்தார். உறையை வாங்கிக்கொண்டார். தானே அனுப்பிவிடுவதாகச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு அவர் பிரசங்கத்துக்கு முன்னால் இரண்டு நிமிஷம் பேசினார். எல்லாவற்றையும் சொல்லவில்லை. தனக்கு முன்பே தெரியும் என்றும், சிஸ்டர் கிருபாவுக்குத் தெரியாது என்றும், அதைச் சொல்லாமல் இருந்தது தன் கோழைத்தனம் என்றும் சொன்னார். கூட்டத்தில் சலசலப்பு எழுந்து அடங்கியது. ஆராதனை முடிந்ததும் சுவிசேஷமுத்து அவள் பெஞ்சுக்கு வந்து நின்றார். "ஏர்போர்ட்ல நான் பேசியிருக்கணும் டீச்சர்" என்றார். அவள் தலையாட்டினாள். பரவாயில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

ஞாயிறு பள்ளிக்குத் திரும்பச் சொல்லிக் கமிட்டி கேட்டது. ஜூன் மாதத்திலிருந்து வருகிறேன் என்றாள். அதுவரை அவள் வேறு ஒரு வேலையை எடுத்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைகளில் செம்பாக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களைக் குளிப்பாட்டினாள். அந்த வேலை இப்போது அவள் கைக்குத் தெரியும். அழைப்பு யார் வழியாக வந்தது என்ற கேள்வி இன்னும் அவளைக் குத்தியது. ஆனால் வெந்நீரைக் கலந்து சூடு பார்க்கும்போது அந்தக் கேள்வி கொஞ்சம் தள்ளி நின்றது.

மறுபடி ஒரு நாள் ஈவ்லின் கூப்பிட்டாள். சர்டிபிகேட் வந்து சேர்ந்துவிட்டது, ஸ்டாஃபாக எடுத்துவிட்டார்கள் என்றாள். குரலில் சந்தோஷமும் பயமும் கலந்திருந்தன.

"உங்ககிட்ட தினமும் பேசணும் போல இருக்குக்கா. பழைய மாதிரி."

கிருபா சற்று யோசித்தாள். பல்லாவரத்து மருத்துவமனை வாசல் நினைவுக்கு வந்தது. பனியில் நின்ற பஸ் ஸ்டாப்பும் நினைவுக்கு வந்தது. ஒன்று மற்றதை அழிக்கவில்லை.

"நீ நல்லா இருக்கணும்னு நான் நெனைக்கறேன் ஈவு. அது நிஜம். ஆனா இப்ப உன்கிட்ட பேசினா ஒவ்வொரு வார்த்தையையும் நம்பலாமா வேணாமான்னு தோணுது. அப்படிப் பேச எனக்குப் பிடிக்கலை. என்னால முடியறப்ப நானே கூப்பிடறேன்."

"எப்ப கூப்பிடுவீங்க?"

"தெரியலை."

அவள் அழுவது கேட்டது. கிருபா அவசரப்பட்டுச் சமாதானம் சொல்லவில்லை, ஃபோனைத் துண்டிக்கவும் இல்லை. அவளாக வைக்கும்வரை காத்திருந்தாள். பிறகு எழுந்து, மத்தியானம் சமைத்துவைத்து ஆறிப்போயிருந்த சோற்றில் ரசத்தை ஊற்றி, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து தட்டைக் காலி செய்தாள்.